சீனாய்ச் சுவடியும் நம் நாட்டு ஏடுகளும்

அச்சுப்பொறி தோன்றுதற்கு முன்னர் எழுந்த நூல்கள் யாவும், அவை எந்நாட்டில் எம்மொழியில் எச்சமயத்தைச் சார்ந்து எழுந்தனவாயினும், ஏடெழுதுவோர் கைவழியாகவே பிற்காலத்தாரை வந்தடைந்தன. கை தளரும், கண் மயங்கும், மனம் புறத்தே செல்லும். ஆதலின் ஒரு நூலைப் பார்த்தெழுதிய இரு படிகள் எழுத்துக்கெழுத்து ஒத்திருத்தல் அரிது. இவ்வுண்மையைப் பொதுவகையாற் கூறுமிடத்து மறுப்பார் இலர். தாம் போற்றும் நூலுக்கும் இது பொருந்தும் என்றவிடத்து ஒப்புவாரோ மிகச் சிலர். பிறர் மறைநூலிற் பாடபேதம் உண்டென்று கேட்டவுடன் அதனை இகழத் தலைப்படுவார் பலர். தம் நூலில் உள்ள பாடபேதத்தை மறைக்க முயல்வாரும் பலர். இவ்விருதிறத்தார்க்கும் நல்லறிவு கொளுத்தவல்ல சான்றொன்று உலகில் உளது. அது கிறித்தவ மறைநூலின் மிகப் பழைய கிரேக்கப் படிகளுள் ஒன்றாகிய சீனாய்ச் சுவடி. அதன் இயல்பையும் வரலாற்றையும் குறைநிறைகளையும் ஆராய்ந்து, தமிழேடுகளைப் பதிப்பிப்பார்க்கு, சிறப்பாக மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த ஊர்களிற் பயிலும் ஏடுகளைப் பதிப்பிப்பார்க்கு, அதனாற் பெறப்படும் நெறி யாதெனக் காண்டல் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சீனாய்ச் சுவடி கிறித்துவுக்குப் பின் 4ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் எழுதப்பட்டதென்பது அறிஞர் துணிபு. பதனிட்ட விலங்குத் தோலை ஏடாக்கி, அவற்றை ஒருபுறம் தைத்துப் புத்தகமாகக் கட்டியிருக்கின்றனர். ஒவ்வோர் ஏடும் ஏறக்குறைய 38 சதமமீற்றர் உயரமும் 34 சதமமீற்றர் அகலமும் உடையது. பக்கந்தோறும் நான்கு பத்திகள். பத்திதோறும் பெரும்பாலும் 48 வரிகள். செய்யுளாலாய நூல்கள் மட்டும் இரு பத்திகளாக எழுதப்பட்டுள்ளன. பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பிற் பெரும்பகுதியும் அழிந்தொழிய, ஏனையது எஞ்சியுள்ளது. புதிய ஏற்பாடு முழுமையும் குறைவின்றி உளது. அதன் பின்னர்ப் பர்னபாவின் நிருபமும், ஹெர்மாவின் மேய்ப்பன் என்னும் நூலின் ஒரு பகுதியும் சேர்க்கப்பட்டுள்ளன. இவ்விரண்டும் இன்றைய விவிலியத்தில் இல்லாதவை. மறைநூலின் எல்லை யாதென்பது அக்காலத்தே முற்றும் வரையறுக்கப்பட்டிலது என்பதற்கு இஃதொன்றே போதிய சான்றாம்.

இச்சுவடி சீனாய் மலையடியில் உள்ள புனித கத்தரீன் மடத்திற் பல நூற்றாண்டு கிடந்தது. ஜேர்மனிய அறிஞர் கொன்ஸ்தந்தீன் திஷண்டோர்ப் என்பார் 1844இல் அம்மடத்துக்குச் சென்று 43 ஏடுகளைப் பெற்று லைப்சிக் நகருக்குக் கொணர்ந்தார். எரிப்பதற்கென ஒரு கூடையில் இடப்பட்டிருந்த ஏடுகளுள் அவற்றைக் கண்டதாக அவர் பின்னர் எழுதினார். மடத்தார் அதனை மறுத்தே வந்துள்ளனர். 1853இற் சென்று வெறுங்கையுடன் மீண்ட அவர், ரூசியச் சக்கரவர்த்தியின் ஆதரவோடு 1859இல் மூன்றாம் முறை சென்றபோது சுவடியின் பெரும்பகுதியைக் கண்டார். மீளத் தருவதாகச் சீட்டெழுதிக் கொடுத்து அதனை இரவலாகப் பெற்றார். சுவடியோ மடத்துக்கு மீளவில்லை. 1862இல் அதன் பதிப்பு வெளிவந்தது. 1869இல் மடத்தார் அதனைச் சக்கரவர்த்திக்கு நன்கொடையாக அளித்தனர் என ஆவணம் எழுந்தது. 1933இற் சோவியத் அரசினர் அதனை 1,00,000 பவுணுக்குப் பிரித்தானிய நூதனசாலைக்கு விற்றனர். 1975இல் மடத்திலே மூடுண்டு கிடந்த ஓர் அறையிலிருந்து மேலும் சில ஏடுகள் வெளிப்பட்டன. இன்று இலண்டனில் 347 ஏடுகளும், லைப்சிக்கில் 43 ஏடுகளும், மடத்திலும் ரூசியாவின் சென் பீற்றர்ஸ்பேர்க்கிலும் எஞ்சிய சிலவுமாக ஒரே சுவடி நான்கிடத்திற் சிதறிக் கிடக்கின்றது. 2009இல் அந்நான்கு நிலையத்தாரும் ஒன்றுகூடி, எல்லா ஏடுகளின் படங்களையும் இணையத்தின் வாயிலாக உலகத்தார் யாவரும் காணச் செய்தனர்.

திஷண்டோர்ப்பின் செயலை எவ்வாறு மதிப்பது? அவர் முயன்றிராவிடின் அச்சுவடி 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ச்சியாளர் கையை எட்டியிராது என்பது உண்மை. இரவல் வாங்கிய பொருள் உடையார்க்கு மீளாதுபோயிற்று என்பதும் உண்மை. முன்னையது பின்னையதை நேர்மையாக்காது. இஃது இலங்கையர்க்கும் புறம்பான செய்தியன்று. 19ஆம் நூற்றாண்டில் இலங்கைக் குடியியற் சேவையில் இருந்த ஹியூ நெவில் என்பார் இந்நாட்டிலே திரட்டிய பேரளவான சிங்கள, தமிழ் ஏடுகள் 1904இற் பிரித்தானிய நூதனசாலையைச் சேர்ந்தன. சீனாய்ச் சுவடி பின்னர்ப் புகுந்த மாளிகையும் அதுவே. அவை அங்கே பேணப்படுகின்றன என்று மகிழ்வதா, ஈண்டு இல்லாதொழிந்தன என்று வருந்துவதா என்னும் வினாவுக்கு எளிதில் விடை காண்டல் இயலாது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியுண்டபோது அங்கிருந்த ஏடுகளும் உடன் எரிந்தன என்பதை நினைப்பார்க்கு, வேற்றிடத்தே ஒரு படியேனும் இருத்தலின் இன்றியமையாமை நன்கு புலப்படும்.

இனி, சுவடியின் எழுத்தியல்பை நோக்குவாம். கிரேக்கப் பேரெழுத்துக்களால், சொற்களுக்கிடையே இடம் விடாது, வரிமுழுதும் ஒரே தொடராக அஃது எழுதப்பட்டுளது. சொல் எங்கே முடிந்தது, எங்கே தொடங்கியது என்பதைப் படிப்போனே துணிதல் வேண்டும். தமிழேடு பயின்றார்க்கு இது புதுமையன்று. பனையோலையிலும் சொற்பிரிப்பு இல்லை. 'பலகை' என்புழி மரப்பலகையோ, பலவாகிய கையோ என்பதை இடம் நோக்கியே துணிதல் வேண்டும். ஓலையிற் புள்ளி குத்தின் ஏடு கிழியுமென அஞ்சிப் புள்ளியை விடுத்தமையால், மெய்யும் உயிர்மெய்யும் வேறுபாடின்றி நின்றன. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் ஒரே வடிவின. 'எரி' என்பதும் 'ஏரி' என்பதும், 'கொடி' என்பதும் 'கோடி' என்பதும் ஓலையில் ஒன்றே. காலும் ரகரமும் தம்முள் மயங்கின. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் குறில் நெடில் வடிவங்களை வேறுபடுத்திய பின்னரும் அவ்வேறுபாடு ஏடுகளில் உடனே நிலைபெற்றதில்லை. ஒரே மயக்கத்தின் இரு வடிவங்களை இரு நாட்டாரும் கண்டனர் எனலாம்.

அம்மயக்கத்தால் விளைந்த பிழைகளுள் ஒன்றைச் சிறப்பாக எடுத்துக்காட்டல் தகும். லூக்கா எழுதிய சுவிசேஷத்தின் 10ஆம் அதிகாரத்தில் நல்ல சமாரியன் கதை வருகின்றது. கள்ளராற் குற்றுயிராக விடப்பட்ட ஒருவனை ஆசாரியன் ஒருவன் கண்டு விலகிச் சென்றான். பின்னர் லேவியன் ஒருவனும் அவ்வாறே விலகிச் சென்றான். மூன்றாவது வந்த சமாரியனே இரங்கி உதவினான். சீனாய்ச் சுவடியை முதலில் எழுதியவர் இக்கதையில் லேவியனை முற்றாக விட்டுவிட்டார். காரணம் யாதெனின், 31ஆம் வசனமும் 32ஆம் வசனமும் 'விலகிச் சென்றான்' என்னும் பொருளுடைய ஒரே கிரேக்கச் சொல்லால் முடிகின்றன. முதலிற் கண்ட அச்சொல்லை எழுதிவிட்டு மூலத்தை மீள நோக்கியபோது அவர் கண் இரண்டாவதன்மேல் வீழ்ந்தது. இடைப்பட்ட வசனம் ஒழிந்தது. இதிற் சூழ்ச்சியும் இல்லை, கொள்கையும் இல்லை, களைத்த கண் ஒன்றே உளது. பொருளோ பெரிதும் குன்றியது. இருவர் கடந்துபோக மூன்றாமவன் நின்றான் என்னும் அமைப்பிலன்றோ அக்கதையின் ஆற்றல் தங்கியுள்ளது? ஒரே அடியிறுதியும் ஒரே எதுகையும் அடுத்தடுத்து வரும் தமிழ்ப் பாடல்களில் அடியொன்று விடுபடுதல் இவ்வாறே நிகழ்வதாம்.

பிழைகள் இவ்வாறாக, அவற்றைத் திருத்தும் முயற்சியும் அச்சுவடியிலேயே காணப்படுகின்றது. எழுதியோர் தாமே திருத்தியனவும், அடுத்த நூற்றாண்டுகளிற் பிறர் திருத்தியனவுமாக அதிலுள்ள திருத்தங்கள் 20,000க்கு மேற்பட்டன என்ப. மேலே கூறிய லேவியனும் திருத்துநராலேயே மீளச் சேர்க்கப்பட்டான். எஸ்றா, எஸ்தர் என்னும் நூல்களின் இறுதியிற் பிற்காலத்துத் திருத்துநர் ஒருவர் எழுதிய குறிப்பு உளத்தை உருக்கவல்லது. செசரியா நகரத்துப் பம்பீலர் தம் கையாற் றிருத்திய மிகப் பழைய படியொன்றோடு இச்சுவடி ஒப்புநோக்கப்பட்டதென்பதும், அப்பழைய படியைப் பம்பீலர் சிறையிலிருந்தவாறே திருத்தினார் என்பதும், அந்தோனீனர் என்பவர் உடனிருந்து ஒப்புநோக்கினார் என்பதும் அக்குறிப்பின் சாரமாம். பம்பீலர் 4ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திற் சமயத்தின் பொருட்டு உயிர் துறந்தவர். உயிர் நிலையாதென அறிந்த நிலையிலும் எழுத்துப்பிழை நிலைத்தலாகாது என எண்ணிய உள்ளம் அஃது. நம் நாட்டு ஏடுகளின் இறுதியிலும் எழுதியவர் பெயர், எழுதி முடித்த நாள், பிழையிருப்பின் பொறுத்தருளுமாறு வேண்டுதல் முதலியன உள. அக்குறிப்புக்களை நூலுக்குப் புறம்பானவை எனக் கருதி அச்சேற்றாது விடும் பதிப்பாசிரியர், அவ்வேட்டின் பிறப்புச் சான்றினைக் கிழித்தெறிந்தவர் ஆவர்.

பழமை கருதி அச்சுவடியை மிகைபடப் புகழ்தலும் பொருந்தாது. மிகப் பழையதே மிகச் சிறந்தது எனக் கொள்ளின், லேவியன் இல்லாத கதையே மூலக்கதை எனக் கொள்ள நேரும். அதே நூற்றாண்டினதாகிய வத்திக்கான் சுவடி பலவிடத்தும் அதனினும் கவனமாக எழுதப்பட்டது. 1881இல் வெஸ்ற்கொற், ஹோர்ட் என்னும் ஆங்கில அறிஞர் இருவரும் தம் கிரேக்கப் பதிப்பை வெளியிட்டபோது இவ்விரு சுவடிகளையும் பெரிதும் நம்பினர். அந்நம்பிக்கை மிகையானது எனக் கண்டித்தாரும் உளர். எகிப்து நாட்டிற் கிடைத்து 1961இல் வெளியிடப்பட்ட பப்பிரசுத் தாட்சுவடியொன்று, வத்திக்கான் சுவடியின் பாடம் அதனினும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக முற்பட்டதென்பதை மெய்ப்பித்தது. ஆயினும் பொதுநெறி மாறவில்லை. ஏடுகளை எண்ணிப் பயனில்லை. நிறுத்துப் பார்த்தல் வேண்டும். ஒரே பிழைப்படியைப் பார்த்தெழுதிய நூறு ஏடுகள் நூறு சான்றுகள் ஆகா. அவை ஒரு சான்றே. இரு பாடங்களுள் எது மற்றையதனைப் பிறப்பித்திருக்கக் கூடும் என்று வினவி, எளிமையாக்கப்பட்ட பாடத்தினும் கடினமான பாடத்தையே மூலமெனக் கொள்க என 18ஆம் நூற்றாண்டிற் பெங்கல் என்னும் ஜேர்மனியர் வகுத்த நெறியும் ஈண்டுக் கருதத்தக்கது. எழுதுவோன் அறியாத சொல்லை அறிந்த சொல்லாக்குவனேயன்றி, அறிந்த சொல்லை அறியாத சொல்லாக்கான்.

இந்நெறி சில இடங்களில் நெஞ்சை வருத்துவதாகவும் அமைகின்றது. மாற்கு எழுதிய சுவிசேஷம் சீனாய்ச் சுவடியிலும் வத்திக்கான் சுவடியிலும் 16ஆம் அதிகாரத்து 8ஆம் வசனத்தோடு முடிகின்றது. கல்லறைக்குச் சென்ற பெண்கள் அச்சத்தால் எவர்க்கும் ஒன்றும் கூறாது ஓடினர் என்பதோடு நூல் நின்றுவிடுகின்றது. பின்வரும் 12 வசனங்கள் அங்கே இல்லை. யோவான் எழுதிய சுவிசேஷத்திலே, விபசாரக் குற்றத்துக்காகக் கொணரப்பட்ட பெண்ணை இயேசு விடுவித்த கதையும் இவ்விரு சுவடிகளிலும் இல்லை. உலக இலக்கியத்தின் மிக அழகிய நிகழ்ச்சிகளுள் அதுவும் ஒன்று. குற்றஞ்சாட்டியோர் ஒருவர்பின் ஒருவராக வெளியேற, நிலத்திலே விரலால் எழுதியவாறு குனிந்திருக்கும் அக்காட்சி எவரையும் விட்டு நீங்காது. ஆயினும் அழகுடைமை வேறு. அந்நூலுக்கு உரித்தாதல் வேறு. தமிழில் இதற்கு ஒப்புமை வேண்டின் கம்பராமாயணத்தின் மிகைப்பாடல்களைக் கூறலாம். வெள்ளிபாடல் என இகழப்படுவனவற்றுள்ளும் நயமிக்கன சில உள. அவற்றை நீக்கி எறிதலும் தவறு. கம்பன் வாக்கென்று கலந்து அச்சிடுதலும் தவறு. வேறாகக் காட்டி, உளவாதலை மறையாது வெளியிடுதலே நேரிய நெறி.

ஓரெழுத்தில், அன்று, ஓரெழுத்தின் உட்கோட்டில் சமயக்கொள்கை ஊசலாடிய இடமும் உண்டு. தீமோத்தேயுவுக்கு எழுதப்பட்ட முதல் நிருபத்தின் 3ஆம் அதிகாரத்து 16ஆம் வசனத்திற் சீனாய்ச் சுவடியின் முதற்பாடம் 'எவர்' என்னும் பொருளுடைய ஈரெழுத்துச் சொல்லாம். அச்சொல்லின் முதலெழுத்து வட்டவடிவானது. அவ்வட்டத்தினுள் ஒரு குறுக்குக்கோடும், சொல்லின்மேல் ஒரு கோடும் இடப்படின் அது 'கடவுள்' என்பதன் குறுக்கமாகிவிடும். பிற்காலத் திருத்துநர் ஒருவர் சீனாய்ச் சுவடியிலும் அதனைக் கடவுள் என்றே மாற்றினார். நம் ஏடுகளிற் புள்ளியின்மை எத்துணை இடர் விளைத்ததோ அத்துணை இடரை ஆங்கொரு கோடு விளைத்தது.

இவ்வாராய்ச்சி தமிழ் விவிலியத்தை எங்ஙனம் தொட்டது என்பது அடுத்துக் காணத்தக்கது. சீகன்பால்கு தரங்கம்பாடியிற் புதிய ஏற்பாட்டைக் கிரேக்கத்தினின்றும் பெயர்த்து 1714, 1715ஆம் ஆண்டுகளில் அச்சிட்டார். இலங்கையில் ஒல்லாந்தர் ஆட்சிக்காலத்திற் பிலிப்பு தெ மெல்லோ பெயர்த்த புதிய ஏற்பாடு 1759இற் கொழும்பில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்திற் பேர்சிவல் பாதிரியார் ஆறுமுக நாவலரின் துணைகொண்டு முடித்த மொழிபெயர்ப்பு 1850இல் வெளிப்போந்தது. பின்னர்ப் பவர் முதலியோர் திருத்தியமைத்த 1871ஆம் ஆண்டு மொழிபெயர்ப்பே சீர்திருத்தத் திருச்சபையாரிடையே இன்றுகாறும் பெருவழக்காயுள்ளது. இவற்றுள் முதல் மூன்றும் சீனாய்ச் சுவடியின் பெரும்பகுதி வெளிப்படு முன்னரே தோன்றியவை. நான்காவதும் பழைய அச்சுக் கிரேக்கப் பாடத்தையே தழுவிற்று. அப்பாடத்துக்கு வித்திட்டது 1516இல் எராஸ்மசு என்னும் பேரறிஞர் விரைந்து வெளியிட்ட பதிப்பாகும்.

அப்பதிப்பில் நேர்ந்ததொன்றைப் பதிப்பாசிரியராக விழைவார் யாவரும் அறிந்திருத்தல் வேண்டும். வெளிப்படுத்தின விசேஷம் என்னும் இறுதி நூலுக்கு எராஸ்மசுக்குக் கிடைத்தது ஒரே கிரேக்க ஏடு. அதன் கடைத்தாள் இல்லை. அவர் அப்பகுதியை இலத்தீன் மொழிபெயர்ப்பினின்றும் தாமே கிரேக்கமாக்கி இட்டு நிரப்பினார். இலத்தீனில் 'மரம்' என்னும் சொல்லும் 'புத்தகம்' என்னும் சொல்லும் ஒத்த தோற்றமுடையன. அவை மயங்கி, 'ஜீவ மரம்' என இருந்தது 'ஜீவ புத்தகம்' என ஏற்கெனவே மாறியிருந்தது. அப்பிழை அவர் கையால் கிரேக்கத்திற் புகுந்து, மொழிபெயர்ப்புக்கள்வழி 1871ஆம் ஆண்டுத் தமிழ் விவிலியத்தின் 22ஆம் அதிகாரத்து 19ஆம் வசனத்திலும் இடம்பெற்றது. சீனாய்ச் சுவடியிலோ மரமே உளது. இந்நூலின் சொற்களிலிருந்து எதனையும் நீக்கற்க என எச்சரிக்கும் வசனத்திலேயே இப்பிழை புகுந்தமை வியப்பினும் வியப்பு. யோவானின் முதல் நிருபத்து 5ஆம் அதிகாரத்திற் பரலோகச் சாட்சிகள் மூவரைக் கூறும் பகுதியும் இத்தகையதே. பழைய கிரேக்கச் சுவடிகளில் அஃது இல்லை; எராஸ்மசும் தம் முதலிரு பதிப்புக்களில் அதனைச் சேர்த்திலர்; எதிர்ப்புக்களின் பின்னர் 1522இற் சேர்த்தனர். அதுவும் 1871ஆம் ஆண்டுத் தமிழில் உளது. 1995இல் வெளிவந்த பொது மொழிபெயர்ப்பு, பழைய சுவடிகளின் வழிவந்த கிரேக்கப் பாடத்தை மேற்கொண்டது.

இவற்றைக் கேட்ட இந்து மாணவன் ஒருவன், கிறித்தவ மறைநூல் பிழைமலிந்தது என நகைப்பானாயின், அவன் இரு குற்றம் புரிந்தவனாவான். அத்திருத்தங்களைக் கண்டெடுத்து உலகறியச் செய்தோர் பெரும்பாலும் அச்சமயத்தவரே என்பதை மறந்தமை ஒன்று. தன் முன்னோர் ஏடுகளை அவ்வாறு ஆராயப் புகின் யாது காணப்படும் என எண்ணாமை மற்றொன்று. நாவலர் 1854இற் சைவதூஷணபரிகாரம் எழுதியபோது, தாம் முன்னர்ப் பெயர்ப்புக்குத் துணைநின்ற விவிலியத்தை நன்கு கற்றே வாதம் புரிந்தார், அறியாது இகழ்ந்தாரல்லர். சைவராகிய உ. வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை 1887இற் பதிப்பிக்கு முன் கும்பகோணத்துச் சைனர் இல்லங்களுக்குச் சென்று அவர் சமய நுட்பங்களைக் கேட்டறிந்தார். யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டிச் சி. வை. தாமோதரம்பிள்ளை 1889இற் சூளாமணி என்னும் சைன காவியத்தை அச்சேற்றினார். காரைதீவிற் பிறந்த விபுலானந்த அடிகள் சேக்சுபியரின் நாடகங்களை ஆராய்ந்து மதங்க சூளாமணி இயற்றினார். பிறர் நூலை அவர்தம் மதிப்போடு அணுகுதல் இந்நாட்டுப் புலமைக்குப் புதுவதன்று.

பாட ஆராய்ச்சியும் மேலைநாட்டார் கற்பித்த புதுக்கலை எனக் கருதற்க. பரிமேலழகர் தமக்கு உடன்பாடில்லாத பாடங்களையும் எடுத்தோதிக் காரணங்காட்டி மறுத்தார். அடியார்க்குநல்லாரும் நச்சினார்க்கினியரும் பாடபேதங்களைச் சுட்டினர். அவர்கள் மறுத்த பாடத்தை மறைத்திலர் என்பதே அவர் நேர்மைக்குச் சான்று. சாமிநாதையர் 1894இற் புறநானூற்றை வெளியிட்டபோது 267ஆம் 268ஆம் பாடல்கள் கிடைத்தில. கிடையாத இடத்தை அவர் வெறுமையாகவே விட்டனர். பதிற்றுப்பத்தின் முதற்பத்தும் இறுதிப்பத்தும் இன்மையை அவ்வாறே ஒப்புக்கொண்டனர். அவர் விரும்பியிருப்பின் சங்கச் செய்யுள் போலத் தோன்றுமாறு அவ்விடங்களை நிரப்பும் ஆற்றல் அவர்க்கு இல்லாமற் போகவில்லை. எராஸ்மசு நிரப்பிய ஒரு தாளினும் ஐயர் நிரப்பாது விட்ட இடங்கள் மதிப்பிற் பெரியன.

இரு மரபுகளுக்கும் இடையே வேறுபாடும் உண்டு. சீனாய்ப் பாலையின் வறட்சி தோலேட்டை 1,600 ஆண்டு காத்தது. நம் நாட்டின் ஈரக்காற்றிலும் செல்லிலும் பனையோலை சில நூற்றாண்டுக்கு மேல் நிலைப்பது அருமை. ஆதலின் சங்கச் செய்யுளுக்கும் இன்றுள்ள ஏட்டுக்கும் இடைப்பட்ட காலம் ஆயிரம் ஆண்டுக்கு மேற்பட்டது. அவ்விடைவெளியை யாப்பும் உரையும் காத்தன. சீர் சிதைந்தவிடத்துப் பிழையுண்டென்பதைத் தளை காட்டிவிடும். சொல் மாறியவிடத்து எதுகை காட்டிவிடும். உரைநடையாகிய சுவிசேஷங்களுக்கு இக்காவல் இல்லை. எனினும் அக்காவலே களவுக்கும் துணையாதல் உண்டு. யாப்பறிந்த புலவன் சிதைந்த அடியைத் தன் சொல்லால் தளை தட்டாது நிரப்பிவிடின், பின்வருவோர் அதனைக் கண்டறிதல் அரிதாம்.

இக்கருத்துக்கள் மட்டக்களப்பு நாட்டுக்கு மிக அணுக்கமானவை. காரைதீவு, தம்பிலுவில், செட்டிபாளையம் முதலிய ஊர்களின் கண்ணகியம்மன் கோயில்களில் வைகாசித் திங்களிற் கதவு திறந்து கண்ணகி வழக்குரை பாடப்படும். குளிர்த்தியோடு விழா நிறைவுறும். இந்நூலை 1968இல் வி. சீ. கந்தையா ஏட்டினின்றும் அச்சேற்றினார். 1962இல் எவ். எக்ஸ். சி. நடராசா மட்டக்களப்பு மான்மியத்தைப் பதிப்பித்தார். இவ்விருவரும் செய்த தொண்டு பெரிது. வழக்குரைக் கதை யாழ்ப்பாணத்திற் கோவலனார் கதை எனவும் முல்லைத்தீவிற் சிலம்புகூறல் எனவும் வழங்குகின்றது. அதன் கடலோட்டு காதையில் மீகாமன் கடல்கடந்து சென்று, சிலம்புக்கு வேண்டிய நாகமணி பெறுதற்பொருட்டு வெடியரசனோடு பொருத வரலாறு வருகின்றது. இளங்கோவடிகள் காவியத்தில் இது காணப்படாது.

இங்கேதான் பதிப்பாசிரியனின் உள்ளம் சோதனைக்குட்படுகின்றது. சிலப்பதிகாரம் கற்ற பண்டிதர் ஒருவர், அதனோடு முரணுவன யாவும் பாமரர் பிழை எனத் துணிந்து களையலாம். இப்பகுதியார் பேச்சுக்கே உரிய 'மறுகா' போன்ற சொற்கள் ஏட்டில் எதிர்ப்படின், அவற்றைக் கொச்சையெனக் கருதிச் செந்தமிழாக்கலாம். ஓசை குன்றிய அடியை நிறைக்கலாம். இவை யாவும் நல்லெண்ணத்தாற் செய்யப்படுவனவே. மாற்கு எழுதிய கரடான கிரேக்கத்தைப் பிற்காலத்தார் மெருகிட்டதும், குறைந்ததென எண்ணிய முடிவை நிறைத்ததும் நல்லெண்ணத்தாலேயே. அவர் மெருகைத் துடைத்துப் பழைய கரட்டுநடையை மீளக் காணப் பிற்காலத்து அறிஞர் பல தலைமுறை உழைக்க வேண்டியதாயிற்று. கடலோட்டு காதை இளங்கோவுக்குப் பிழையாகலாம். கடலோடிகளும் மீகாமரும் வாழ்ந்த ஈழத்துக் கரைக்கு அது மெய். அதனைத் திருத்தின் இழப்பது ஒரு சொல்லன்று, ஒரு மக்கட்கூட்டத்தின் நினைவு.

ஆதலின் பின்வரும் நெறிகள் பெறப்படும். ஓர் ஊரேட்டை அச்சேற்றுவார், அஃது எக்கோயிலது, எவர் எழுதியது, எந்நாளது என்பனவற்றை முதற்கண் குறித்தல் வேண்டும். வேறூர் ஏடுகளோடு ஒப்புநோக்கி வேற்றுமைகளை அடிக்குறிப்பில் தருதல் வேண்டும். தாம் செய்யும் திருத்தத்தை மூலத்தினுட் கலவாது வேறாகக் காட்டல் வேண்டும். சிதைந்த இடத்தைச் சிதைந்தவாறே புள்ளியிட்டு விடுதல் வேண்டும். கோயிலிற் பாடுதற்குரிய பாடம் வேறாகவும், ஆராய்ச்சிக்குரிய பாடம் வேறாகவும் இருத்தல் குற்றமன்று. ஒன்றை மற்றொன்றெனக் காட்டுதலே குற்றம். பூசகர் பாடும் பாடத்தைப் பதிப்பாசிரியர் பறித்தலும் ஆகாது. பதிப்பாசிரியர் கண்ட உண்மையைப் பூசகர் பொருட்டு மறைத்தலும் ஆகாது. விபசாரப் பெண்ணின் கதையைக் கிறித்தவர் கோயிலிற் படித்துக்கொண்டே, பழைய சுவடிகளில் அஃதில்லை என அடிக்குறிப்பும் இட்டிருக்கின்றனர். பத்தி அதனாற் குன்றியதாகத் தெரியவில்லை.

1978ஆம் ஆண்டு நவம்பர்ச் சூறாவளியையும் 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26ஆம் நாட் கடல்கோளையும் கண்ட கரை இது. வீட்டுப் பரணிலும் கோயிற் பெட்டகத்திலும் கிடக்கும் ஏட்டுக்கு அடுத்த ஆண்டு உண்டென எவரும் உறுதி கூறவியலாது. நான்கிடத்திற் சிதறிய சீனாய்ச் சுவடியை உலகத்தார் யாவரும் இன்று ஒருங்கே காண்கின்றனர். வாவியின் எழுவான்கரையிலும் படுவான்கரையிலும் உள்ள ஏடுகளையோ அவ்வூர் மாணவரே கண்டிலர். ஏட்டை உடையாரிடமிருந்து பிரிக்காது, படம் மட்டும் பிடித்துப் பலவிடத்து வைத்துப் பேணும் வசதி இன்று உண்டு. திஷண்டோர்ப் எழுதிக் கொடுத்த இரவற்சீட்டுப் போன்ற ஒன்று இனி எவர்க்கும் வேண்டுவதில்லை. விடுமுறைக்கு ஊர் செல்லும் மாணவன் ஒருவன் தன் ஊர்க் கோயிலார் இசைவோடு ஓரேட்டை எழுத்துக்கெழுத்துப் பார்த்துப் படியெடுப்பானாயின், பிழையை அவ்வாறே எழுதித் தன் ஐயத்தைப் பக்கத்தே குறிப்பானாயின், சிறையிலிருந்து ஏடு திருத்திய பம்பீலருக்கும், உடனிருந்து ஒப்புநோக்கிய அந்தோனீனருக்கும், ஊரூராக அலைந்து ஏடு தேடிய தமிழ்ப் பெரியார்க்கும் அவன் வழித்தோன்றலாவான்.